காலி நிலம்

அணைகளும் அகதிகளும் – 9

சிட்டகாங் மலைநாட்டுக்கு வெள்ளையர் ஆட்சி 1900-ல் போட்ட தனி ஒழுங்குமுறைச் சட்டத்தோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தோம். சக்மா, போமாங், மோங் என்று மூன்று ராஜாக்கள். அவர்களுக்குக் கீழே மௌசா என்ற வருவாய்ப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட்மேன். ஊருக்கு ஓர் ஊர்ப்பெரியவர், அவருக்குக் கார்பாரி என்று பெயர். எல்லோருக்கும் மேலே ராங்காமாட்டியில் ஒரு டெபுடி கமிஷனர். சமவெளிக்காரர்கள் மலையேறி வந்து கடன் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கிக்கொள்ளாமல் இருக்க இந்தச் சட்டம் ஓரளவு வேலியாக இருந்தது உண்மை. ஆனால் அந்த வேலிக்குள் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மலைமக்கள் கட்டிய வரி நிலவரி அல்ல. ஜூம் வெட்டுகிற குடும்பம் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஹெட்மேனிடம் கட்டும் தலைக்கட்டு வரி அது. குடும்பத்தின் பெயர் ஏட்டில் இருந்தது. அது உழைத்த நிலத்தின் பெயர் இல்லை. இனி இந்தத் தொடரில் வரும் ஐந்தாறு அத்தியாயங்களும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன என்பதால், வாசகர்கள் இதை நினைவில் முடிந்துவைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஜூம் என்பது மலைச்சரிவில் காட்டை வெட்டிக் காயவிட்டு, கோடையில் தீயிட்டு, முதல் மழைக்குக் குழி குத்தி, நெல்லும் பருத்தியும் எள்ளும் பூசணியும் மிளகாயும் கலந்து விதைக்கும் வேளாண்மை. நம் குறிஞ்சிப் பாட்டுகளில் கிளி ஓட்டும் தினைப்புனத்தை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஒரு சரிவில் ஒரு போகம் எடுத்துவிட்டு அதை அப்படியே விட்டுவிடுவார்கள். காடு மறுபடி மூடி, மண் தேறியபின் திரும்பி வருவார்கள். எந்தச் சரிவு எந்த ஊருக்கு, இந்த வருஷம் யார் முறை என்பதெல்லாம் கார்பாரிக்கும் ஹெட்மேனுக்கும் அத்துப்படி. ஆனால் சங்கிலி பிடித்து அளக்க வந்த அதிகாரி கண்ட காட்சி வேறு. ஓய்வில் கிடந்த சரிவு அவர் கண்ணுக்கு வெறும் காடு. ஆள் இல்லாத காடு அரசாங்கத்துக்குச் சொந்தம். நம்மூர்த் தாலுகா அலுவலகத்தில் புறம்போக்கு என்று எழுதுவார்களே, அந்தக் கணக்கு.

இந்தக் கணக்கு முதலில் காட்டின் பேரில்தான் எழுதப்பட்டது. 1870-களின் நடுவிலிருந்து 1880-களின் தொடக்கத்துக்குள் காசலாங், ரைங்கியாங், சங்கு, மாதாமுஹுரி ஆற்றுப் படுகைகளை ஒதுக்கக் காடுகள் என்று அறிவித்து, மலைநாட்டின் ஏறத்தாழக் கால்பங்கை வனத்துறை எடுத்துக்கொண்டது. அங்கே ஜூம் வெட்டுவது குற்றம். மீதியிருந்த இடத்தில் மக்கள் நெருங்கினார்கள். கூடவே, ஜூமை விட்டுவிட்டு ஏர் பிடியுங்கள் என்று வெள்ளை அதிகாரிகள் 1860-களின் இறுதியிலிருந்தே தூண்டிக்கொண்டிருந்தார்கள். மார்மாக்களும் சக்மாக்களும், குறிப்பாகச் சக்மாக்கள், மெல்ல மெல்ல ஆற்றோரத் தட்டை நிலங்களில் இறங்கினார்கள். கர்ணபுலி, செங்கி, மைனி, காசலாங் ஆறுகளின் இருகரையும் நஞ்சையாயிற்று. மாடு வந்தது, ஏர் வந்தது, ஒரு பகுதியினருக்குப் பட்டாவும் வந்தது. இரண்டு தலைமுறைக்குள் கிழக்கு வங்கத்தின் நல்ல வயல்களுக்கு ஈடுசொல்லக்கூடிய பள்ளத்தாக்குகள் உருவாயின. அரசாங்கம் சொன்னதைக் கேட்டு ஏருக்கு மாறியவர்களின் இந்த வயல்கள்தான் பின்னால் முதலில் தண்ணீருக்குள் போயின.

1947-ஐச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் முஸ்லிம் அல்லாதவர்களாக இருந்த இந்த மலைநாட்டை, பிரிவினை எல்லையை வகுத்த ராட்கிளிஃப் பாகிஸ்தான் பக்கம் சேர்த்தார். எல்லைத் தீர்ப்பு வெளியாகுமுன்பே, ஆகஸ்ட் 15 அன்று, மலைநாட்டுத் தலைவர்களில் ஒருவரான ஸ்நேஹ குமார் சக்மாவும் அவர் தோழர்களும் ராங்காமாட்டியில் இந்தியக் கொடியை ஏற்றியிருந்தார்கள். தெற்கே பந்தர்பனில் பர்மியக் கொடி பறந்தது. சில நாட்களில் பலூச் படைப்பிரிவு வந்து கொடிகளை இறக்கியது. ஸ்நேஹ குமார் திரிபுராவுக்குத் தப்பினார். மலைமக்கள் மேல் கராச்சியிலிருந்த பாகிஸ்தான் அரசுக்கு அன்று விழுந்த சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

புதிய நாட்டுக்குக் கிழக்கில் தொழிற்சாலைகள் வேண்டியிருந்தன. தொழிற்சாலைக்கு மின்சாரம் வேண்டும். கிழக்கு வங்கம் முழுக்கத் தட்டை. மலையும் ஆறும் சேர்ந்து இருப்பது இந்த ஒரு மூலையில்தான். லுஷாய் மலையில் பிறந்து சிட்டகாங் துறைமுகத்தைத் தொட்டு வங்கக்கடலில் விழும் கர்ணபுலியின் மேல் பொறியாளர்களுக்குப் பழைய கண். 1906-லேயே ஆய்வு நடந்திருக்கிறது, 1923-ல் மறுபடி. 1946-ல் மூர் என்ற அதிகாரி, இன்றைய அணையிலிருந்து 65 கிலோமீட்டர் மேலே உள்ள பர்கலில் கட்டலாம் என்று எழுதினார். 1950-ல் வேறொரு ஆலோசனை நிறுவனம் பர்கலை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி, இன்னோர் இடம் குறித்தது. 1951-ல் அரசுப் பொறியாளர்கள் இன்னும் கீழே, சித்மரத்தைச் சொன்னார்கள். முடிவில் அதே ஆண்டு, தலைமைப் பொறியாளர் குவாஜா அஸீமுத்தீன் காலத்தில், காப்தாய் தேர்வாயிற்று.

மேலே கட்டினால் சிறிய ஏரி. கீழே வர வர, வந்து சேரும் ஆறுகளும் கூடும், ஏரியும் அகலும். காப்தாய்க்கு மேலேதான் ரைங்கியாங்கும் செங்கியும் காசலாங்கும் கர்ணபுலியில் கலக்கின்றன. ஆகவே அங்கே மறித்தால் ஒரு பள்ளத்தாக்கு மட்டும் மூழ்காது. கையை விரித்ததுபோல் எல்லாப் பள்ளத்தாக்குகளும் மூழ்கும். வரைபடத்தை மேசைமேல் விரித்தவர்களுக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை. அந்தப் பள்ளத்தாக்குகளில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு முடிவை மாற்றும் கேள்வியாகப் படவில்லை.

அணைக்கு முன்னோட்டமாக 1953-ல் சந்திரகோனாவில் காகித ஆலை வந்தது. மூங்கில் மலைநாட்டுடையது, ஆலை வேலை பெரும்பாலும் சமவெளிக்காரர்களுடையது. 1957-ல் அணை வேலை தொடங்கியது. பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க உதவி. கட்டியது யூட்டா என்ற அமெரிக்கக் கம்பெனி. மறு வருஷம், 1958-ல், மலைநாட்டுக்கென்றே ஒரு நிலம் கையகப்படுத்தும் ஒழுங்குமுறை வந்து சேர்ந்தது. மண் அள்ளத் தொடங்கிய பிறகு நிலத்தை எடுக்கச் சட்டம் செய்தார்கள் என்பதிலேயே, சொந்தக்காரர்களின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்று தெரிகிறது. அதே ஆண்டில் அயூப்கான் ஆட்சியைப் பிடித்தார். அதன்பின் கேள்வி கேட்கச் சட்டமன்றமும் இல்லை.

மண்ணால் ஆன கரை, நீளம் 670 மீட்டர், பதினாறு மதகுகள். 1960, 61 வாக்கில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. 1962-ல் தலா 40 மெகாவாட் கொண்ட முதல் இரண்டு இயந்திரங்கள் ஓடின. பின்னால் 1980-களில் மூன்று இயந்திரங்கள் சேர்ந்து இன்று மொத்தத் திறன் 230 மெகாவாட். வங்கதேசத்தின் ஒரே நீர்மின் நிலையம் இன்றைக்கும் இதுதான்.

ஏரியின் பரப்பு 655 சதுர கிலோமீட்டர். அதற்குள் 54,000 ஏக்கர் உழவு நிலம். மலைநாட்டின் மொத்த உழவு நிலத்தில் இது நாற்பது சதவீதம். பதினெட்டாயிரம் குடும்பங்கள், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எழுந்து போக வேண்டியதாயிற்று; பத்தில் ஏழு பேர் சக்மாக்கள். அப்போது மலைநாட்டின் மக்கள்தொகையே நாலு லட்சத்தைத் தொடவில்லை. நாலில் ஒருவர் என்று கொள்ளுங்கள். பழைய ராங்காமாட்டி நகரம் கச்சேரியும் கடைவீதியுமாக முழுகியது. சக்மா ராஜாவின் அரண்மனையும் முழுகியது. ராஜா திரிதிவ் ராய்க்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ராஜாவாகி ஏழெட்டு வருஷம்தான். அரண்மனை போனவருக்கு மேட்டில் இன்னொரு வீடு கிடைக்கும். வயல் போனவருக்கு வயல் கிடைக்க வேண்டுமே.

அங்கேதான் ஏட்டுக் கணக்கு திரும்ப வந்தது. பதினெட்டாயிரம் குடும்பங்களில் சுமார் பத்தாயிரம் உழவு நிலம் வைத்திருந்தவை. மற்ற எட்டாயிரமும் ஜூம் குடும்பங்கள். உழவர்களுக்கு இழப்பீடு என்றால் எதற்கு என்று கேட்பதற்கு ஒரு சர்வே எண்ணாவது இருந்தது. ஜூம் குடும்பத்துக்கு எந்த எண்? தலைமுறை தலைமுறையாகக் கட்டிய வரிக்கு ரசீது இருந்தாலும், அது வெட்டிய நிலத்துக்கான ரசீது அல்ல. அவர்கள் இழந்தது அரசாங்க நிலம். அரசாங்கம் தன் நிலத்தைத் தானே மூழ்கடித்துக்கொண்டதற்கு யாருக்கு எதற்கு இழப்பீடு? இப்படி ஒரு கோப்பில் எழுதியிருக்கிறதா என்றால், இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கமாட்டார்கள். நடந்தது இதுதான்.

உழவர்களும் தப்பவில்லை. மாற்று நிலமாகத் தேறியது மூழ்கியதில் பாதிகூட இல்லை, தரமும் மட்டம். காசலாங் ஒதுக்கக் காட்டின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டு, வெட்டித் திருத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். எண்பது வருஷத்துக்கு முன் இவர்களுடைய பாட்டன்மாரை வெளியே தள்ளிப் பூட்டிய அதே காடு! போனவர்கள் காட்டை வெட்டினார்கள், பாத்தி கட்டினார்கள், குடிசை போட்டார்கள். நீர்மட்டம் மேலும் ஏறியபோது சிலருடைய புது வயல்களும் முழுகின. இரண்டாம் முறை மூட்டை கட்டியவர்களுக்கு இழப்பீடு இன்னும் எட்டாத தூரம் போயிற்று. டேவிட் சோஃபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் இந்த இடப்பெயர்ச்சியைப் பற்றி 1963-லேயே ஒரு கட்டுரை எழுதினார். தண்ணீர் தேங்கிய இரண்டொரு வருஷத்திலேயே உலகம் படிக்கும்படி அச்சில் வந்துவிட்ட சேதி இது. யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று பின்னால் எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

எதிர்ப்பே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, பெரும்பாலும் மாணவர்களிடமிருந்து. நானியார்சர் பக்கத்தில் மகாபுரம் என்ற சக்மா கிராமம் ஏரிக்குள் போயிற்று. அந்தக் கிராமத்தில் 1939-ல் பிறந்த மனவேந்திர நாராயண் லார்மா, அணையால் மக்கள் படும் பாட்டைப் பேசியதற்காக 1963-ல் கைதானார். வெளியே வர 1965 ஆயிற்று. இந்த இளைஞரை நாம் மறுபடி சந்திப்போம்.

*

சக்மாக்கள் அந்த ஆண்டுகளை இன்றும் போர் பரங், பெரிய புலம்பெயர்வு, என்று சொல்கிறார்கள். நாற்பதாயிரம் பேர் வரை எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். இன்னொரு பகுதி அராக்கான் பக்கம் போயிற்று. இந்தியாவில் முதலில் அவர்கள் ஒதுங்கியது லுஷாய் மலையில், இன்றைய மிசோரமில். அங்கே மிசோக்களுக்கும் இவர்களுக்கும் உரசல் வரும் என்று அசாம் ஆளுநர் விஷ்ணு சஹாய்க்குக் கவலை. 1964 ஏப்ரலில் முதலமைச்சர் சாலிஹாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தச் சக்மாக்களை வடகிழக்கு எல்லைப்புற முகமையின் திராப் பிரிவுக்கு அனுப்பலாம், அங்கே காலி நிலம் எளிதில் கிடைக்கும் என்பது கடிதத்தின் சாரம்.

காலி நிலம்! திராப் பிரிவு இன்றைய அருணாசலப் பிரதேசத்தில் இருக்கிறது. அந்தக் 'காலி' நிலம் சிங்போக்களும் தாங்சாக்களும் காம்திகளும் தங்கள் வழக்கப்படி ஆண்டுவந்த காடு. அவர்களும் இதே மாதிரி சுற்றிச்சுற்றி வெட்டி விதைப்பவர்கள்தான். அவர்களையும் யாரும் கேட்கவில்லை. 1964 முதல் 1969 வரை, சக்மாக்களும் ஹஜோங்குகளுமாக 14,888 பேர் அங்கே குடியேற்றப்பட்டார்கள். கர்ணபுலிக் கரையில் ஏடு இல்லாததால் நிலம் இழந்தவர்களை, ஏடு இல்லாத இன்னொரு மக்களின் நிலத்தில் இறக்கிவிட்டது தில்லி. சக்மாக்கள்மேல் அருணாசலத்து மாணவர் சங்கம் பின்னால் காட்டிய சினத்தை, 1994-ல் வெளியேறச் சொல்லிக் கெடு வைத்த அளவுக்குப் போன அந்தச் சினத்தை, வெறும் இனவெறி என்று தில்லிப் பத்திரிகைகள் எழுதியபோது இந்த வரலாற்றைச் சேர்த்து எழுதவில்லை. சக்மாக்களின் உயிருக்கும் உரிமைக்கும் பாதுகாப்புத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. குடியுரிமையை மூன்று மாதத்துக்குள் முடித்துக்கொடுங்கள் என்று 2015-ல் சொன்னது. குடியுரிமை வந்தாலும் நிலவுரிமை வராது, அது மண்ணின் பழங்குடிகளுக்கு மட்டும் என்பது அருணாசலத்தின் நிலை. அந்த வாதத்திலும் நியாயம் இருப்பதுதான் இந்தக் கதையின் சிக்கல்.

*

மலைநாட்டிலேயே தங்கிவிட்டவர்களிடம் திரும்புவோம். 1966-ல் ஃபாரஸ்டல் என்ற கனடா நிறுவனம் மலைநாட்டு மண்ணை வகைபிரித்து அறிக்கை கொடுத்தது. எல்லாப் பயிருக்கும் ஏற்ற நிலம் நூற்றுக்கு மூன்று பங்கு சொச்சம்தான் என்றது. மீதியில் பழத்தோட்டம் போடுங்கள், காடு வளருங்கள், ஜூமை நிறுத்துங்கள். பலா, அன்னாசி போட்டுப் பார்த்தார்கள். ஏரியைத் தாண்டி லாஞ்சு பிடித்துச் சந்தைக்கு வருவதற்குள் பழம் அழுகும். விலையைச் சமவெளி வியாபாரி வைப்பான். நல்ல நிலமெல்லாம் நீருக்கடியில் போனபிறகு மிச்சத்தில் நல்ல நிலம் குறைவு என்று கண்டுபிடிக்கக் கனடாவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

அணையைவிட ஒரு வகையில் பெரிய இழப்பு 1964-ல் நடந்தது. அரசியல் சட்டத்தில் இந்த மாவட்டத்துக்கு இருந்த தனி அந்தஸ்தை அயூப் அரசு எடுத்துவிட்டது. ஓட்டை வேலியாக இருந்தாலும் வேலி வேலிதானே; அது சாய்ந்தது.

1971-ல் வங்கதேசம் பிறந்தது. ராஜா திரிதிவ் ராய் பாகிஸ்தான் பக்கம் நின்று, நாட்டை விட்டே போனார். அந்தப் பழி முழுச் சக்மாக்கள் தலையிலும் விழுந்தது. சிறையிலிருந்து வந்த லார்மா அதற்குள் வழக்கறிஞராகி, சட்டமன்றத்துக்கும் தேர்வாகியிருந்தார். 1972 பிப்ரவரியில் மலைமக்களின் தூதுக்குழுவோடு முஜிபுர் ரஹ்மானிடம் போய், தன்னாட்சி, 1900-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காப்பது உள்ளிட்ட நாலு கோரிக்கைகளை வைத்தார். நாலும் நிராகரிக்கப்பட்டன. அக்டோபர் 31 அன்று, நாட்டுக் குடிமக்கள் எல்லோரும் வங்காளிகள் என்று அழைக்கப்படுவார்கள் என்ற திருத்தம் அவைக்கு வந்தபோது, நான் சக்மா, வங்காளியல்ல என்று சொல்லி வெளிநடப்புச் செய்தார். அவர் தொடங்கிய ஜன சம்ஹதி சமிதிக்கு 1973 ஜனவரியில் சாந்தி பாஹினி என்ற ஆயுதப் பிரிவு உருவானது. 1975-ல் முஜிப் கொல்லப்பட்டார், லார்மா தலைமறைவானார், அடுத்த ஆண்டு முதல் துப்பாக்கிகள் பேசத் தொடங்கின.

சாந்தி பாஹினியை அணையின் நேர்வாரிசு என்று எழுதிவிடுவது எளிது. மொழி, மதம், 1971-ன் பழி, இந்திய உதவி எல்லாம் அதில் உண்டு. ஆனால் காட்டுக்குள் போன இளைஞர்களில் பலர் ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள், இழந்த வயலைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள். அதை டாக்காவின் ராணுவத் தளபதிகளும் ஒருவிதத்தில் புரிந்துகொண்டிருந்தார்கள். சண்டை நிலத்தைப் பற்றியது என்று தெரிந்துதான் நிலத்தின் வழியாகவே பதிலடி கொடுத்தார்கள்.

1976-ல் மலைநாட்டு வளர்ச்சி வாரியம் ஒன்று அமைந்தது. சாலை, சந்தை, ரப்பர்த் தோட்டம் எல்லாம் அதன் பட்டியலில் இருந்தன. பின்னால் பல ஆண்டுகள் அதன் தலைவர் நாற்காலியில் சிட்டகாங் ராணுவத் தளபதியே உட்கார்ந்தார். 1979-ல் வெளியாட்களுக்கு நிலம் கொடுக்க இருந்த தடையைத் தளர்த்தி, 1900-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் விதியைத் திருத்தினார்கள். அதே ஆண்டு ஜியாவுர் ரஹ்மான் அரசு, ஊரறியச் சொல்லாமல், சமவெளியிலிருந்து ஏழைக் குடும்பங்களை மலையேற்றத் தொடங்கியது. 1980-களின் நடுப்பகுதிக்குள் நாலு லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் மலைநிலம், நாலு ஏக்கர் கலப்பு நிலம், இரண்டரை ஏக்கர் நஞ்சை என்று வாக்குறுதி.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் நாலு லட்சம் பேருக்கு எண்பதாயிரம் குடும்பம். தலா இரண்டரை ஏக்கர் நஞ்சை வேண்டுமானால் இரண்டு லட்சம் ஏக்கர். மூழ்கிய 54,000 ஏக்கர் மொத்தத்தில் நாற்பது சதவீதம் என்றால், அணைக்குப் பிறகு மிஞ்சிய உழவு நிலம் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ஏக்கர் சொச்சம். அதுவும் சொந்தக்காரர்கள் உழுதுகொண்டிருக்கும் நிலம். கொடுப்பதாகச் சொன்ன நிலம் இந்த மலையில் இருக்கவே இல்லை. அப்படியானால் எதைக் கொடுத்தார்கள்? ஓய்வில் கிடந்த ஜூம் சரிவுகளை, ஊர்ப் பொதுக்காட்டை, சண்டைக்குப் பயந்து ஓடியவர்களின் வயலை. ஏட்டில் எல்லாமே காலி.

வந்து சேர்ந்தவர்களும் பாவப்பட்டவர்கள் என்பதைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்டக்கூடாது. பத்மாவும் மேக்னாவும் கரையை அரித்து வீடுவாசலைக் கொண்டுபோனவர்கள், நிலமே அறியாத கூலிகள். கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து லாரியில் ஏற்றினார்கள். மலையில் எப்படி விதைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. கெரில்லாக்கள் தாக்கத் தொடங்கியதும், ராணுவ முகாமையொட்டித் தொகுப்பு கிராமங்கள் கட்டி அவர்களை அதற்குள் அடைத்து, மாத ரேஷன் கொடுத்தார்கள். சாந்தி பாஹினி குடியேறிகளைக் கொன்றது. பதிலுக்கு ராணுவத்தோடு சேர்ந்து குடியேறிகள் மலை ஊர்களைக் கொளுத்தினார்கள். 1980 மார்ச்சில் கலாம்பதி, 1992 ஏப்ரலில் லோகாங் என்று அந்தப் பட்டியல் நீளும். அடுத்த இதழ் முழுக்க அதற்கே வேண்டும். 1986-ல் பல்லாயிரக்கணக்கானோர் திரிபுராவுக்கு ஓடிவந்தார்கள். லார்மா 1983 நவம்பரில் தன் இயக்கத்தின் எதிர்க்கோஷ்டியாலேயே கொல்லப்பட்டிருந்தார். தலைமை தம்பி சந்து லார்மாவிடம் வந்தது. 1951 கணக்கெடுப்பில் மலைநாட்டில் ஒன்பது சதவீதமாக இருந்த வங்காளிகள் 1991-ல் ஏறக்குறைய சரிபாதி.

ஓடிய குடும்பம் பத்து வருஷம் கழித்துத் திரும்பினால் அதன் வயலில் வேறொருவர் நாற்று நடுகிறார். அவர் கையில் அரசு கொடுத்த காகிதம் இருக்கிறது. திரும்பியவரிடம் ஹெட்மேனின் சாட்சி இருக்கிறது. எது செல்லும்?

*

1997 டிசம்பர் 2 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றது. ஷேக் ஹசீனா அரசின் சார்பில் அபுல் ஹசநாத் அப்துல்லாவும், மலைமக்கள் தரப்பில் சந்து லார்மாவும் ஒப்பமிட்டார்கள். ஆயுதம் ஒப்படைக்கப்பட்டது. மாவட்ட மன்றத்தின் முன்அனுமதி இல்லாமல் எந்த நிலத்தையும் விற்கவோ குத்தகைக்கு விடவோ கையகப்படுத்தவோ கூடாது என்று அதில் ஒரு பிரிவு. மலைமக்கள் இருபது வருஷம் சண்டையிட்டு வாங்கிய பிரிவு. அடுத்த வாசகத்தைப் படியுங்கள்: ஒதுக்கக் காடுகள், காப்தாய் நீர்மின் திட்டப் பகுதி, பேத்புனியா செயற்கைக்கோள் நிலையம், அரசு ஆலைகள், அரசின் பெயரில் பதிவான நிலங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. இந்தத் தொடரில் நாம் பார்த்துவந்த பறிப்புகள் ஒவ்வொன்றும் விலக்குப் பட்டியலில் வரிசையாக நிற்கின்றன. ஒப்பமிட்டவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதற்குமேல் கேட்டிருந்தால் ஒப்பந்தமே வந்திருக்காது.

நிலத் தகராறுகளைத் தீர்க்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் என்றும் ஒப்பந்தம் சொன்னது. மலைநாட்டின் சட்டம், வழக்கம், நடைமுறை ஆகியவற்றின்படி தீர்ப்பு. ஹெட்மேனின் சாட்சிக்கு முதன்முதலாகக் காகிதத்துக்குச் சமமான இடம். ஆனால் 2001-ல் வந்த ஆணையச் சட்டம், உறுப்பினர்களுக்குள் ஒற்றுமை வராவிட்டால் தலைவர் சொல்வதே ஆணையத்தின் முடிவு என்று வைத்துவிட்டது. ராஜாக்களும் மன்றத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தும் ஒற்றை ஆளின் முடிவு. இதை மாற்றப் பதினைந்து வருஷம் ஆயிற்று. 2016 திருத்தத்துக்குக் குடியேறிகளின் அமைப்புகள் கடையடைப்பு நடத்தின; தங்களைக் கிளப்பிவிடத்தான் இது என்பது அவர்கள் பயம். இருபதாயிரத்துக்கு மேல் மனுக்கள் வந்து குவிந்தன. விசாரணை விதிகள் வகுக்கப்படாமல் ஆண்டுகள் போயின. கூட்டம் அறிவிப்பதும் ஒத்திவைப்பதுமாக ஆணையம் இருந்தது. இதற்கிடையில் 1900-ஆம் ஆண்டுச் சட்டமே செத்துவிட்டது என்று ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2003-ல் வந்து, அது உயிரோடுதான் இருக்கிறது என்று மேல்முறையீட்டில் 2016-ல் மாறியது.

ஒப்பந்தத்தில் அணையைப் பற்றியே இன்னொரு வரி உண்டு. பனிக்காலம் கழிந்து ஏரியில் நீர் இறங்கும்போது கரையோரமாக வண்டல் படிந்த நிலம் வெளியே தெரியும். அங்குள்ளவர்கள் அதை ஜலே பாசா ஜமி, தண்ணீரில் மிதக்கும் நிலம், என்பார்கள். அந்த நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது பழைய சொந்தக்காரர்களுக்கே முன்னுரிமை என்பது அந்த வரி. நாற்பது வருஷத்துக்குப் பிறகு, வருஷத்தில் சில மாதங்களுக்கு, தாத்தாவின் வயலில் ஓரமாக ஒரு துண்டு.

அதிலும் போரோ என்ற, கோடையில் அறுவடையாகும் நெல்தான் போடமுடியும். ஏரியின் உச்ச மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 109 அடி. எந்த மாதம் எத்தனை அடி நிறுத்தவேண்டும் என்று மின்நிலையத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. நீரை நேரத்தில் இறக்கினால் நடவு. தாமதமாக இறக்கினால், முன்மழையில் ஏரி ஏறுவதற்குள் கதிர் முற்றாது. இயந்திரத்துக்கு நீரைச் சேமிக்கவேண்டும் என்பது பொறியாளர் கவலை. மீன் பிடிப்பவர்களுக்கும் லாஞ்சு ஓட்டுபவர்களுக்கும்கூட நீர் உயர்ந்தே இருப்பது நல்லது. விதையை ஊறப்போட்டுவிட்டு நீர் இறங்கக் காத்திருக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு வருஷமும் மாவட்ட நிர்வாகத்திடம் மனுக் கொடுக்கின்றன. மாவட்ட மன்றத்தால் இதில் உத்தரவிட முடியாது; காப்தாய் திட்டம் அதன் அதிகாரத்துக்கு வெளியே.

(தொடரும்)